கறுப்பு வேட்டியில் வெள்ளைப் பஞ்சு: எது உதவும், எது வீண் செலவு

கார்த்திகை முதல் தேதி தம்பி சபரிமலைக்கு மாலை போட்டான். மூன்றாம் நாள் அவனுடைய கறுப்பு வேட்டியை வாஷிங் மெஷினிலிருந்து எடுத்து உதறினேன். அரிசி மாவில் புரட்டி எடுத்ததுபோல வேட்டி முழுக்க வெள்ளைப் பஞ்சு. அதே சுற்றில் நான் போட்டிருந்தவை புதிதாக வாங்கிய இரண்டு வெள்ளை டர்க்கி துண்டுகள். “சாமி துணியை மற்றத் துணியோடு சேர்க்காதே என்று அப்போதே சொன்னேனே” என்றார் அம்மா. அவர் ஆசாரத்துக்காகச் சொன்னது. பஞ்சுக்கும் அதுவே பொருந்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

மண்டல விரதம் 41 நாள். அத்தனை நாளும் கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை. தினமும் தோய்த்தாக வேண்டும். ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா வினிகர் ஊற்றச் சொன்னார். அலுவலக நண்பர் மெஷின் தண்ணீரில் மிதந்து பஞ்சைப் பிடிக்கும் வலையை வாங்கச் சொன்னார். மெஷினையே மாற்றிவிடச் சொன்னார் அத்தான். மெஷினை மாற்றுவதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். காசு போடுவதற்கு முன் படிக்க வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சோதனை. துணியில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பஞ்சு அல்ல. செல்லோடேப்பில் ஒரு துண்டைக் கிழித்து அந்த இடத்தில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். டேப்பில் மெல்லிய இழைகள் ஒட்டி வந்தால் பஞ்சு. இழை எதுவும் இல்லாமல் துணியில் வெள்ளைத் திட்டு அப்படியே நின்றால் அது சோப்புத் தூளின் மிச்சம் அல்லது போர் தண்ணீரின் உப்பு. ஈர விரலால் தேய்த்தால் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் பாதிப் புகார் இதுதான். அதற்குத் தூளைக் குறைத்து, முடிந்தால் திரவ சோப்புக்கு மாறி, இன்னொரு முறை அலசினால் போதும். இனிச் சொல்லப்போகும் எதுவும் அதற்கு உதவாது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. சட்டைப் பையில் மறந்துபோன டிஷ்யூ காகிதம், பஸ் டிக்கெட், கோயிலில் வாங்கிய விபூதிப் பொட்டலம். மாலை போட்டவர் வீட்டில் இந்தக் கடைசி ஐட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. பையைத் துழாவாமல் துணியை மெஷினில் போடுகிறவருக்கு உலகத்தில் எந்த வடிகட்டியும் உதவி செய்யாது.

இப்போது பஞ்சுக்கு வருவோம். பருத்தி இழை ஒன்றின் நீளம் பொதுவாக 25 முதல் 30 மில்லிமீட்டர். இப்படிப்பட்ட குட்டை இழைகளை முறுக்கித்தான் நூலாக்குகிறார்கள். முறுக்கில் அகப்படாத நுனிகள் நூலின் மேல் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் துணியும் துணியும் உரசும்போது அவை முறிந்து கழன்று போகின்றன. டர்க்கி துண்டில் நூல் வளையம் வளையமாக எழும்பி நிற்பதால் உரசுவதற்கு இடம் அதிகம். அதனால் கழிவும் அதிகம்.

ஆக வீட்டுத் துணிகளில் இரண்டு சாதி உண்டு: பஞ்சைக் கொடுப்பவை, பஞ்சை வாங்குபவை. டர்க்கி துண்டு, புதுப் போர்வை, ஃப்ளானல் துணி, பவானி ஜமக்காளம், குழந்தையின் பருத்தி அணையாடை எல்லாம் கொடுப்பவை. பாலியஸ்டர் கலந்த கறுப்புப் பேன்ட், லெக்கின்ஸ், வெல்வெட் ரவிக்கை, கார்டுராய் எல்லாம் வாங்குபவை. கறுப்புப் பருத்தி வேட்டி இரண்டையும் செய்யும். வாங்கியது கண்ணில் படுகிறது, கொடுத்தது படுவதில்லை, அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையைக் கூர்ந்து பார்த்தால் வேட்டியின் கறுப்பு இழைகள் அதில் இருக்கும்.

நாம் வழக்கமாகத் துணியைப் பிரிப்பது நிறம் பார்த்து. சாயம் ஏறாமல் இருக்க அது சரி. பஞ்சுக்கு அது பத்தாது. நீல டர்க்கி துண்டும் கறுப்புப் பேன்ட்டும் ‘கலர்’ என்ற ஒரே கூடையில் விழுகின்றன. அங்கேதான் காரியம் கெடுகிறது. பிரிக்க வேண்டியது கொடுப்பவையையும் வாங்குபவையையும். நான் செய்து பார்த்ததில் செலவில்லாததும் மிக அதிகமாகப் பலன் தந்ததும் இந்த ஒன்றுதான். இதைச் செய்தவர்களுக்கு மற்றவற்றில் பெரும்பாலானவை தேவைப்படாது.

ஆனால் சொல்வதுபோல் செய்வது எளிதல்ல. மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு துண்டுதான் விழும். அதற்கென்று தனியாக மெஷின் ஓட்டினால் தண்ணீரும் மின்சாரமும் என்ன ஆவது? துண்டுகளை ஞாயிற்றுக்கிழமைக்குச் சேர்த்து வைக்கலாம் என்றால், மழைக்காலத்தில் ஈரத் துண்டு இரண்டாம் நாளே வாடை அடிக்கும். நான் கண்ட வழி, துண்டைக் கொடியில் காயவிட்டு அதன் பிறகு கூடையில் போடுவது. ஆறு துண்டு சேர்ந்ததும் ஒரே சுற்று.

ஒரே நாளில் இரண்டு சுற்று ஓட்டுவதானால் வரிசை முக்கியம். முதலில் கறுப்பு, பிறகு துண்டு. துண்டு முடிந்த டிரம்மின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஈரப் பஞ்சு உருண்டு வரும். அடுத்த சுற்றுக்குப் போகும் வேட்டிக்கு அது காத்திருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரே சோப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று ஈடு போடுவது நம் வீடுகளில் வழக்கம். முதலில் வெள்ளை, அடுத்து கலர், கடைசியில் கால்மிதி. வெள்ளையோடு வெள்ளைத் துண்டும் போய்விட்டால் அந்தப் பஞ்சுத் தண்ணீரில்தான் பேன்ட் முங்குகிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட், அப்புறம் துண்டு, கடைசியில் கால்மிதி என்று மாற்றிப் பாருங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதிகம் செலவாகாது, பஞ்சு நன்றாகக் குறையும்.

பிரிக்கவே முடியாது, எல்லாம் ஒன்றாகத்தான் போகும் என்பவர்களுக்கு அடுத்த வழி ஜிப் வைத்த வலைப் பை. நான் வாங்கியது 120 ரூபாய். வாங்கியதும் எழுந்த கேள்வி, பைக்குள் எதைப் போடுவது? துண்டையா, வேட்டியையா? குற்றவாளியை அடைப்பதுதான் நியாயம் என்று முதலில் துண்டுகளைப் போட்டேன். இரண்டும் தண்ணீர் குடித்துப் பாறாங்கல் மாதிரி ஒரு பக்கமாக ஒதுங்கின. பிழியும் சுற்றில் மெஷின் நடுங்கி நின்றே விட்டது. பையைத் திறந்தால் உதிர்ந்த பஞ்சு வெளியேற வழியில்லாமல் துண்டின் மேலேயே பொரிப்பொரியாக உட்கார்ந்திருந்தது. மறுநாள் வேட்டியைப் புறம் உள்ளாகத் திருப்பி மடித்துப் பைக்குள் போட்டேன். இது நன்றாக இருந்தது. வேட்டியின் மேல் உரசல் குறைகிறது, வந்து ஒட்டும் பஞ்சு பெரும்பாலும் பையின் வெளிப்புறத்திலேயே நின்றுவிடுகிறது. கண் பெரிய வலையாக இருந்தால் பலனில்லை. கொசுவலையைவிட நெருக்கமாக இருக்க வேண்டும். பையைப் பாதிக்கு மேல் நிரப்பினால் உள்ளே துணி புரளாது, அழுக்கும் போகாது.

காசு கொடுத்து வாங்கியதில் இன்றும் என்னிடம் புழக்கத்தில் இருப்பது இந்தப் பை மட்டும்தான்.

இனி மெஷின். அத்தான் சொன்ன வாதம் இது: டாப் லோடில் அடியில் சுழலும் தட்டு துணியைத் திருகிப் பின்னி உரசவைக்கிறது, ஃபிரண்ட் லோடு துணியைத் தூக்கித் தூக்கிப் போடுவதோடு சரி, ஆகவே பஞ்சு குறைவு. பாதி உண்மை. ஃபிரண்ட் லோடில் பஞ்சு உதிர்வது குறைவுதான். ஆனால் டாப் லோடு பிடிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய பாதிதான் அது பிடிக்கிறது. உதிர்ந்த பஞ்சு மிதந்து வெளியேற அந்தத் தண்ணீர் போதுவதில்லை. டிரம்முக்குள் பஞ்சு பிடிக்கும் வலையும் பொதுவாக இருப்பதில்லை. டாப் லோடில் உதிர்வது அதிகம், பிடிக்க வலை உண்டு, அலசத் தண்ணீரும் தாராளம். கணக்குப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். பஞ்சுக்காக ஒரு மெஷினை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவது வீண். தண்ணீர்ச் சிக்கனத்துக்காகவோ துணி நாள்பட உழைக்க வேண்டும் என்றோ ஃபிரண்ட் லோடு வாங்கினால் அது வேறு கணக்கு.

இருக்கிற மெஷினைக் கவனிப்பதில்தான் வித்தியாசம் வருகிறது. எங்களுடையது டாப் லோடு. டிரம்மின் பக்கவாட்டில் உள்ள வலைப்பையைத் திறந்தபோது உள்ளே ஓர் எலிக்குஞ்சு அளவுக்குச் சாம்பல் நிறப் பஞ்சு. என்ன நிறத் துணி போட்டாலும் பஞ்சு மட்டும் ஏனோ கடைசியில் சாம்பல் நிறத்துக்கே வந்துவிடுகிறது, எல்லாம் கலந்து. ஈரமாக இருக்கும்போது வழித்தால் வழுக்கிக்கொண்டு வரும், பாதி வலையிலேயே தங்கும். ஒரு மணி நேரம் காயவிட்டால் கம்பளித் துண்டுபோல ஒரே ஏடாக உரிந்து வருகிறது. பிறகு பையைப் புறம் திருப்பி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். வலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் வலையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்தது. அத்தனை நாளும் அது பிடித்த பஞ்சை அதே சுற்றில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உதிரிபாகக் கடையில் மெஷின் மாடலைச் சொன்னால் புது வலை கிடைக்கும்.

ஃபிரண்ட் லோடு வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். கீழே மூலையில் சின்னக் கதவுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் ஃபில்டர் ஒன்று. திறக்கும்முன் அடியில் தட்டு வையுங்கள், தண்ணீர் கொட்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பு இன்னொன்று. பஞ்சும் தலைமுடியும் டிக்கெட் கூழும் அங்கேதான் குடியிருக்கும். இவர்கள் ‘கூடுதல் அலசல்’ பட்டனைத் துண்டு தோய்க்கும் நாளில் மட்டுமாவது தயங்காமல் அழுத்தலாம்.

இரண்டு மெஷினுக்கும் பொதுவானது, திணிக்கக் கூடாது. டிரம்மில் முக்கால் பாகம்தான் துணி. அடைத்துத் திணித்தால் துணி துணியோடு ஒட்டியபடியே சுற்றி வரும், இடையில் மாட்டிய பஞ்சு எங்கும் போகாது.

அடுத்து, ஊற்றும் சமாச்சாரங்கள். கடைசி அலசலில் சேர்க்கும் வாசனைத் திரவம், கடைக்காரர் சொல்லும் ஃபேப்ரிக் கண்டிஷனர், இழைகளின் மேல் மெல்லிய வழவழப்பைப் பூசுகிறது. அதனால் உரசல் குறையும், நிலைமின்னூட்டம் குறையும், பாலியஸ்டர் பேன்ட்டில் பஞ்சு ஒட்டுவதும் கொஞ்சம் குறையும். பேன்ட்டுக்கு நல்லது. ஆனால் துண்டில் அதே பூச்சு தண்ணீரை உறிஞ்சவிடாது. குளித்துவிட்டுத் துடைத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர வாங்காது. மைக்ரோஃபைபர் துணிக்கும் ஆகாது. துண்டும் பேன்ட்டும் ஒன்றாகப் போகும் வீட்டுக்கு, அதாவது பஞ்சுத் தொல்லை இருக்கும் வீட்டுக்கே, இது பொருந்தாமல் போவதுதான் வேடிக்கை.

வினிகர் மலிவு. அது செய்வது பஞ்சை விரட்டுவது அல்ல. அமிலம் என்பதால் சோப்பின் மிச்சத்தையும் உப்புப் படிவையும் கரைக்கிறது. மேலே சொன்ன டேப் சோதனையில் பஞ்சு வராதவர்களுக்கு இது உண்மையாகவே உதவும். பஞ்சுக்காரர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. தினமும் ஊற்றினால் மெஷினின் ரப்பர் பாகங்கள் கெடும் என்று பழுது பார்க்க வந்தவர் எச்சரித்தார். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பிளீச் ஊற்றிய தண்ணீரில் வினிகரைச் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆபத்து.

யாரும் சிபாரிசு செய்யாததும், ஊற்றிப் பார்த்தவற்றில் வேட்டிக்கு மிக நன்றாக வேலை செய்ததும் கஞ்சி. நெசவாளர் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை, அதாவது தறியின் நெடுக்கு நூலை, நீட்டிக் கட்டி, கஞ்சி தோய்த்து, நீளத் தூரிகையால் வாரிவிடுவார்கள். தறியில் ஏறும் நூலின் மயிர் படிந்து, ஒன்றோடொன்று சிக்காமல் இருக்கத்தான் அந்தக் கஞ்சி. கஞ்சி போட்ட வேட்டியில் நடப்பதும் அதேதான். இழை நுனிகள் துணியோடு படிந்துவிடுவதால் பறந்து வரும் பஞ்சுக்குப் பிடிமானம் இல்லை. அடுத்த முறை தோய்க்கும்வரை வேட்டி தானும் பஞ்சு விடுவதில்லை. ஆனால் கறுப்புத் துணிக்குக் கஞ்சி போடுவது கொஞ்சம் நெஞ்சுரம் வேண்டிய வேலை. வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நீர்க்கக் கரைத்து, வேட்டியைப் புறம் திருப்பி முக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கும், பஞ்சே தேவலை என்று ஆகிவிடும். முதல் நாள் எனக்கு அப்படித்தான் ஆயிற்று. துண்டுக்கும் பனியனுக்கும் இந்த வைத்தியம் கிடையாது.

மிதக்கும் வலைப்பை பற்றி. பிளாஸ்டிக் பூவின் நடுவில் ஒரு வலைத் தொப்பி தொங்கும். தண்ணீர் நிறைந்து நிற்கும் டாப் லோடிலும் செமியிலும் கொஞ்சம் பஞ்சு பிடிக்கிறது. மெஷினோடு வந்த வலை நன்றாக இருந்தால் இது கூடுதல் அலங்காரம். ஃபிரண்ட் லோடில் மிதக்கவே தண்ணீர் கிடையாது, வாங்க வேண்டாம்.

காயவைப்பதில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டியை நாம் ‘டிரையர்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது தண்ணீரை மட்டும் வெளியேற்றும். பஞ்சை எடுக்காது, துணியோடு இன்னும் அழுத்திவிடும். சூடான காற்றில் துணியைப் புரட்டிக் காயவைக்கும் உண்மையான டிரையர் வேறு. வாஷிங் மெஷினைவிடப் பஞ்சை நன்றாகப் பிரித்தெடுப்பது அதுதான். காற்று பஞ்சை இழுத்துக்கொண்டு போய் வடிகட்டியில் சேர்த்துவிடும். அந்த வடிகட்டியை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்ய வேண்டும், சேர்ந்த பஞ்சு தீப்பிடிக்கும். தோய்ப்பதும் காயவைப்பதும் ஒரே மெஷினில் என்று விற்பவை பலவற்றில் அப்படித் தனி வடிகட்டி கிடையாது. வாங்கும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்குக் கொடியும் வெயிலும் இருக்கின்றன. ஆனால் உதறுவதை ஒரு முறையோடு நிறுத்திவிடுகிறோம். ஈரத்தில் பஞ்சு பசைபோல ஒட்டியிருக்கும், உதறினாலும் பெரிதாக விழாது. அது சுருக்கம் போகத்தான். காய்ந்த பிறகு, மடிக்கும்முன், மொட்டைமாடியிலேயே இன்னொரு முறை ஓங்கி உதறினால் அப்போது பறக்கிறது பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, துண்டுகளைக் காற்று போகும் பக்கமாகவும் கறுப்பை காற்று வரும் பக்கமாகவும் கட்டுங்கள். நான் ஒருமுறை மாற்றிக் கட்டிவிட்டு மெஷினைத் திட்டியிருக்கிறேன்.

பசை உருளையும் வெல்வெட் பிரஷ்ஷும் பஞ்சைத் தடுக்காது, வந்த பிறகு எடுக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் உருளை கை கொடுக்கும். பார்சல் ஒட்டும் டேப்பைக் கையில் பசை வெளியே தெரியச் சுற்றிக்கொண்டாலும் அதே வேலை நடக்கும். பேன்ட் தொடையிடுக்கில் குட்டிக் குட்டி முடிச்சாக எழும்புவது பஞ்சு அல்ல. அது துணியின் சொந்த இழையே உருண்டது. பாலியஸ்டர் கலப்பில் அது உதிராமல் உறுதியாக நிற்கும். அதற்குச் சிறு சவர மெஷின் போன்ற கருவிதான் வழி. டேப்பால் தேய்த்தால் கை வலிதான் மிச்சம்.

கடையில் கொஞ்சம் நேரம் செலவழித்தால் வீட்டுப் பாடு குறையும். டி-ஷர்ட்டில் ‘கோம்ப்டு காட்டன்’, ‘பயோ வாஷ்’ என்று எழுதியிருப்பது வெறும் விளம்பரம் அல்ல. கோம்ப்டு என்றால் நூற்பதற்கு முன் குட்டை இழைகளைச் சீவிக் கழித்துவிட்டார்கள் என்று பொருள். பயோ வாஷில் செல்லுலேஸ் என்ற நொதி துணியின் மேல் நிற்கும் மயிரைத் தின்றுவிடுகிறது. திருப்பூர்க்காரர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள் இவை. துண்டு வாங்கும்போது கையில் எடுத்ததும் பூப்போல மெத்தென்று இருப்பதில் மயங்க வேண்டாம். முறுக்குக் குறைந்த நூல்தான் அந்த மென்மையைத் தருகிறது, பஞ்சு கொட்டுவதும் அதுதான். கறுப்புப் பேன்ட் அணிந்து கடைக்குப் போய், துண்டைத் தொடையில் நான்கு முறை தேய்த்துப் பார்த்தேன். விற்பனைப் பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். பரவாயில்லை. எப்படி இருந்தாலும் புதுத் துண்டை முதல் மூன்று தோய்ப்புக்குத் தனியாகவே விட வேண்டும். உதிர வேண்டியதில் பெரும்பங்கு அதற்குள் உதிர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது இவ்வளவுதான்: கறுப்பு முதல் சுற்று, ஆறு துண்டு சேர்ந்ததும் தனியாக ஒரு சுற்று, ஒன்றாகப் போட்டே ஆக வேண்டிய நாளில் வேட்டிக்கு வலைப் பை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை மெஷினின் வலையைக் கழுவுவது. மிதக்கும் வலை பரண்மேல் இருக்கிறது. வினிகர் பாட்டில் ஊறுகாய் வேலைக்குப் போயிற்று.

தம்பி மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய பிறகு வேட்டியைத் தோய்த்து, உதறி, மடித்து பீரோவில் வைத்தேன். ஓர் இழைகூட இல்லை. சற்று நேரம் கழித்துத் திறந்தால் அதன் மேல் அம்மா இரண்டு டர்க்கி துண்டுகளை அடுக்கியிருந்தார். சத்தம் போடாமல் எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன்.